ஓராண்டுத் தலைவர்: சேர் பொன்னம்பலம் அருணாசலமும் வடக்குக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதியும்

தலைமைப் பதவியில் ஒருவர் எவ்வளவு காலம் இருந்தார் என்பதைக் கொண்டு அவருடைய வரலாற்று இடத்தை அளக்க முற்படுவது பல வேளைகளில் பிழையான முடிவுக்கே கொண்டுசெல்லும். நீண்ட காலம் ஆண்டவர்கள் தமக்கு முன்னிருந்த வழக்கங்களைத் தொடர்ந்து நடத்திவிட்டுப் போயிருக்க, சில நாள்களோ சில மாதங்களோ மட்டும் பதவியில் இருந்தவர்களின் காலம், அந்த அமைப்பு எதன்மீது நிற்கிறது, அதன் அடித்தளத்தில் எங்கே வெடிப்பு இருக்கிறது என்பதை வெளிக்காட்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் ஒன்பதாவது ஜனாதிபதியான வில்லியம் ஹென்றி ஹாரிசன் 1841ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் திகதி பதவியேற்று, ஏப்ரல் 4ஆம் திகதி, தமது 68ஆவது வயதில், பதவியில் இருந்தவாறே இறந்தார். முப்பத்தொரு நாள்களில் அவர் ஆட்சி செய்தது மிகக் குறைவு. ஆயினும் ஜனாதிபதி இறந்தால் உப ஜனாதிபதி முழு அதிகாரமுள்ள ஜனாதிபதி ஆகிறாரா, அல்லது அந்தக் கடமைகளைத் தற்காலிகமாகப் பார்ப்பவர் மட்டுமா என்ற கேள்விக்கு அந்நாட்டின் அரசியலமைப்பு தெளிவான விடை கொண்டிருக்கவில்லை என்பது அவருடைய மரணத்தினால்தான் வெளிப்பட்டது. இலங்கைத் தமிழர் வரலாற்றில் அத்தகைய குறுகிய தலைமைக்கு எடுத்துக்காட்டாக நிற்பது, 1919ஆம் ஆண்டு டிசெம்பர் 11ஆம் திகதி கொழும்பில் தொடங்கப்பட்ட இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதலாவது தலைவராகி, ஏறத்தாழ ஓராண்டு மட்டும் அப்பதவியில் இருந்த சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் காலமாகும். அந்த ஓராண்டில் வெளிப்பட்ட வெடிப்பு என்ன, அது ஏன் அடைக்கப்படவில்லை என்பதை, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வட கரையில் காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையே அமைந்த மயிலிட்டி போன்ற ஓர் ஊரின் பக்கத்திலிருந்து பார்க்கும்போதுதான் அதன் முழு நீளமும் புலப்படுகிறது.

அருணாசலத்தின் குடும்ப வேர் மானிப்பாயில் இருந்தது. மானிப்பாயும் மயிலிட்டியும் வலிகாமம் என்னும் ஒரே நிலப்பிரிவுக்குள் அடங்குபவை. 1816ஆம் ஆண்டு அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தமது முதல் நிலையங்களை அமைத்தனர். தெல்லிப்பழை மயிலிட்டிக்கு அயலூர். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி எனப்பட்ட உயர்கல்விக்கூடம் தொடங்கியது. ஹாரிசன் பதவியேற்ற அதே 1841ஆம் ஆண்டின் ஜனவரி 7ஆம் திகதி, மானிப்பாயிலிருந்த அமெரிக்க மிசன் அச்சகத்திலிருந்து 'உதயதாரகை' என்னும் தமிழ்ப் பத்திரிகையின் முதல் இதழ் வெளிவந்தது. கல்வியும் அச்சும் பத்திரிகையும் இவ்வாறு வலிகாமத்தின் கிராமங்களுக்குள் இறங்கியதன் விளைவாக, கமத்தையும் கடற்றொழிலையும் மட்டும் நம்பியிருந்த ஒரு சமூகத்திலிருந்து, எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் வைத்தியராகவும் வழக்கறிஞராகவும் கொழும்புக்கும் மலாயாவுக்கும் செல்லும் ஒரு வகுப்பு உருவானது. பின்னாளில் அருணாசலம் எந்த யாழ்ப்பாணத்தோடு அரசியல் பேச வேண்டியிருந்ததோ, அந்த யாழ்ப்பாணம் இவ்வகுப்பின் வழியாகவே தன் குரலை எழுப்பியது.

அருணாசலம் பிறந்தது 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி, கொழும்பில். தந்தையார் பொன்னம்பலம் கேட் முதலியார் பட்டம் பெற்றவர். கேட் முதலியார் என்பது தேசாதிபதியின், அதாவது பிரித்தானிய ஆளுநரின், சபையோடு நேரடித் தொடர்புடைய சுதேச உத்தியோகத்தருக்கு வழங்கப்பட்ட உயர்ந்த பதவிப் பெயராகும். தாய்வழிப் பாட்டனார் குமாரசுவாமி 1835இல் சட்டநிரூபண சபையின் தமிழ் உறுப்பினராக நியமிக்கப்பட்டவர். தாய்மாமன் சேர் முத்து குமாரசுவாமி, மூத்த தமையன் பொன்னம்பலம் குமாரசுவாமி, இளைய தமையன் பொன்னம்பலம் இராமநாதன் ஆகியோரும் வெவ்வேறு காலங்களில் அதே ஆசனத்தில் அமர்ந்தவர்கள். கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி முத்து குமாரசுவாமியின் மகனாதலால் அருணாசலத்துக்கு மைத்துனர் முறையானவர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இலங்கைத் தமிழரின் அரசியற் பேச்சு இந்த ஒரு குடும்பத்தின் வாய்வழியே நிகழ்ந்தது என்பது அக்குடும்பத்தின் ஆற்றலைக் காட்டுவது போலவே, அன்றைய பிரதிநிதித்துவம் எவ்வளவு குறுகிய வட்டத்துக்குள் இருந்தது என்பதையும் காட்டுகிறது.

கொழும்பில் பின்னர் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கல்விக்கூடத்தில் பயின்ற அருணாசலம், அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட்ஸ் கல்லூரிக்குச் சென்றார். அங்கே எட்வேர்ட் கார்ப்பென்டர் என்னும் ஆங்கில எழுத்தாளரோடு அவருக்கு ஏற்பட்ட நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. 1890இல் கார்ப்பென்டர் இலங்கைக்கு வந்து, அருணாசலத்தின் குருவாகிய இராமசாமி என்னும் ஞானியாரிடம் பாடம் கேட்டதும் இந்நட்பின் வழியேதான். 1875இல் இலங்கைச் சிவில் சேவைக்கு நடந்த திறந்த போட்டிப் பரீட்சையில் அருணாசலம் தேறினார். சிவில் சேவை என்பது நாட்டின் நிர்வாகத்தை நடத்திய உயர் உத்தியோகத்தர் அணி. அதுவரை போட்டிப் பரீட்சை வழியே அதனுள் நுழைந்த இலங்கையர் எவரும் இல்லை. ஆயினும் நிர்வாகத்தின் மேல்மட்டம் ஆங்கிலேயருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்ததால், நீண்ட காலம் அவர் நீதிமன்றப் பதவிகளிலேயே ஊருக்கு ஊர் மாற்றப்பட்டுப் பணியாற்ற வேண்டியிருந்தது.

அவருடைய நிர்வாகத் திறமை முழுமையாக வெளிப்பட்டது பதிவாளர் நாயகமாக இருந்தபோதுதான். பிறப்பு, இறப்பு, விவாகம் ஆகியவற்றையும் காணி உறுதிகளையும் பதிந்து காப்பது இப்பதவிக்குரிய திணைக்களத்தின் கடமையாகும். யாழ்ப்பாணத்தில் காணி என்பது தேசவழமைச் சட்டத்தின்படி, அதாவது ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டையொட்டித் தொகுத்த யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்கச் சட்டத்தின்படி, முதுசமாகவும் சீதனமாகவும் தேடியதேட்டமாகவும் பங்குபங்காகப் பிரிந்து செல்வது. முதுசம் என்பது மூதாதையர் வழி வந்த சொத்து; தேடியதேட்டம் என்பது மணவாழ்க்கையின்போது ஈட்டிய சொத்து. இத்தகைய சிறு பங்குகளுக்கு ஒழுங்கான பதிவு இல்லாவிட்டால் வழக்குக்கு முடிவே இராது. அருணாசலம் குழம்பிக் கிடந்த பதிவேடுகளைச் சீரமைத்து, உறுதி எழுதுபவரும் வாங்குபவரும் நம்பக்கூடிய ஓர் ஒழுங்கை ஏற்படுத்தினார். அரசியல் வரலாற்று நூல்கள் இப்பணியை ஒரு வரியில் கடந்து செல்வது வழக்கம். ஆனால் 1990ஆம் ஆண்டு யுத்தத்தில் ஊரோடு இடம்பெயர்ந்து, உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட தம் நிலத்தை 27 ஆண்டுகள் காணாதிருந்த மயிலிட்டி மக்களுக்கு, வேலியும் கிணற்றுக்கட்டும் அழிந்துபோன நிலத்தில் எல்லையை நிறுவ எஞ்சியிருக்கும் சான்று உறுதியும் அதன் பதிவுமே என்பதை நினைக்கும்போது, காணிப் பதிவு என்னும் வறண்ட நிர்வாகப் பணி ஒரு சமூகத்தின் இருப்போடு எவ்வளவு நெருங்கியது என்பது விளங்கும்.

1901ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் திகதி எடுக்கப்பட்ட குடிசன மதிப்புக்கும் அவரே பொறுப்பாளர். நாட்டின் தொகையை அது 35,65,954 எனக் கணக்கிட்டது. ஆள்களை எண்ணுவதோடு நில்லாது இனம், மதம், தொழில், எழுத்தறிவு ஆகியவற்றையும் ஊரூராகத் திரட்டியது. அருணாசலம் எழுதிய அறிக்கை, புள்ளிவிவரத் தொகுப்பு என்ற எல்லையைக் கடந்து, இலங்கையின் சமூகங்களையும் அவற்றின் வரலாற்றையும் விளக்கும் நூலாகவே அமைந்தது. இந்நாட்டில் எந்த இனத்தவர் எங்கே எவ்வளவு பேர் வாழ்கிறார்கள் என்பதை அவரைவிட நுட்பமாக அறிந்தவர் அக்காலத்தில் வேறெவரும் இருந்திருக்க இயலாது. அத்தகையவர், இன எண்ணிக்கையைக் கடந்த ஒரு பொது அரசியலை நாட்டில் கட்டியெழுப்பலாம் என்று நம்பினார் என்பதே அவருடைய பிற்கால வாழ்வின் சிறப்பும் துயரமுமாகும்.

1912இல் நிர்வாக சபையில் உறுப்புரிமை பெற்று, 1913இல் ஓய்வுபெற்ற அருணாசலம், பலர் வாழ்வை முடித்துக்கொள்ளும் வயதில் தமது பொதுவாழ்வைத் தொடங்கினார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்த காலத்திலேயே இலங்கைக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 முதல் இயக்கம் நடத்தியவர் அவர். 1915இல் ஏழைகளின் கல்வி, உடல்நலம், இருப்பிடம் ஆகியவற்றுக்காக இலங்கைச் சமூக சேவைக் கழகத்தை நிறுவினார். 1919இல் தொழிலாளர் நலனுக்கென ஒரு கழகத்தை அமைத்து, பெரி சுந்தரத்தைத் துணைக்கொண்டு தோட்டத் தொழிலாளரின் நிலையைப் பொதுக் கேள்வியாக்கினார். அன்று தோட்டங்களில் துண்டு முறை என்றொரு வழக்கம் இருந்தது: தொழிலாளி பெரிய கங்காணிக்குக் கொடுக்கவேண்டிய கடனை ஒரு துண்டில் எழுதி, அக்கடனைத் தீர்ப்பவரிடமே அவரை மாற்றிவிடும் இவ்வழக்கம், மனிதரைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றுவதாக இருந்தது. வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் சட்டமும் கூடவே இருந்தது. இவற்றுக்கு எதிராக எழுந்த குரல்களில் முதன்மையானது அருணாசலத்தினுடையது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அவரை அரசியலுக்குள் கொண்டுவந்த பிரச்சினையை விளங்கிக்கொள்ள, சட்டநிரூபண சபையின் அமைப்பை அறிவது அவசியம். 1833இல் தோன்றிய அச்சபையில் அரசாங்க உத்தியோகத்தரே பெரும்பான்மையினர். உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் எனப்பட்ட ஏனையோரைத் தேசாதிபதி இனவாரியாக நியமித்தார்: ஐரோப்பியருக்கு மூவர், சிங்களவருக்கு ஒருவர், தமிழருக்கு ஒருவர், பறங்கியருக்கு ஒருவர் என்பதே தொடக்கநிலை. 1889இல் கண்டிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி ஆசனங்கள் சேர்க்கப்பட்டன. மக்கள் தொகையில் சிங்களவர் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினராக இருந்தும் சபையில் தமிழரும் சிங்களவரும் ஏறக்குறைய ஒத்த நிலையில் நின்றதற்கு இந்த இனவாரி நியமனமே காரணம். 1911இல் படித்த இலங்கையருக்கென ஒரே ஓர் ஆசனம் தேர்தலுக்கு விடப்பட்டபோது, நாடு முழுவதிலும் அதற்கு வாக்களிக்கத் தகுதிபெற்றோர் மூவாயிரம் பேருக்கும் குறைவு. அவ்வாசனத்துக்கு இராமநாதன் சிங்கள வாக்காளரின் ஆதரவையும் பெற்றுத் தெரிவானார். 1915ஆம் ஆண்டுச் சிங்கள-முஸ்லிம் கலவரத்தை அடக்குவதற்காக அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து சிங்களத் தலைவர்களைச் சிறையிட்டபோது, அவர்களுக்காகச் சபையிலும் இங்கிலாந்திலும் வாதாடியவரும் அவரே. தமிழ்த் தலைமையும் சிங்களத் தலைமையும் ஒன்றையொன்று நம்பிய அந்தச் சில ஆண்டுகளின் பின்னணியில்தான் 1917ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் திகதி அருணாசலம் இலங்கையின் அரசியல் தேவைகள் பற்றிய தமது புகழ்பெற்ற உரையை நிகழ்த்தினார். அவ்வாண்டே இலங்கைச் சீர்திருத்தக் கழகமும் அவர் தலைமையில் தோன்றியது.

சீர்திருத்தம் வேண்டியவர்களின் முதன்மைக் கோரிக்கை, இனவாரி நியமனத்தை விலக்கி, பிரதேசவாரிப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவர வேண்டும் என்பது. ஒரு நிலப்பகுதியில் வாழும் எல்லா வாக்காளரும் இன வேறுபாடின்றி ஒன்றாக நின்று தம் உறுப்பினரைத் தெரிவதே பிரதேசவாரி முறை. கொள்கையளவில் இது நியாயமானது. இனங்களைத் தனித்தனி அறைகளில் அடைத்து வைக்கும் அன்னிய ஆட்சிக்கு எதிரானதும்கூட. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இதன் மறுபக்கமும் தெரிந்தது: எண்ணிக்கையில் சிறுபான்மையாகவும் வடக்கிலும் கிழக்கிலும் செறிந்தும் வாழ்ந்த தமிழர், பிரதேசவாரித் தேர்தல் வந்தவுடன் சபையில் சிறு குழுவாகச் சுருங்குவர், கொழும்பிலும் மேல் மாகாணத்திலும் தொழில் நிமித்தம் வாழ்ந்த தமிழருக்கோ ஓர் உறுப்பினரும் கிடையாது போகலாம். 1905 முதல் குடாநாட்டின் படித்த வகுப்புக்காகப் பேசிவந்த யாழ்ப்பாணச் சங்கம் இந்த அச்சத்தை வெளிப்படையாகவே கூறியது.

இந்த இடத்தில் அருணாசலம் மேற்கொண்ட முயற்சிதான் காங்கிரஸின் பிறப்பைச் சாத்தியமாக்கியது. 1918ஆம் ஆண்டு டிசெம்பரில், இலங்கைத் தேசிய சங்கத்தின் தலைவரான ஜேம்ஸ் பீரிஸும் சீர்திருத்தக் கழகத்தைச் சேர்ந்த ஈ. ஜே. சமரவிக்கிரமவும் அருணாசலத்துக்கு எழுதிய கடிதத்தில், மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதைத் தாம் முனைந்து ஆதரிப்பதாக உறுதியளித்தனர். அந்தக் கடிதத்தையும் தமது சொந்த மதிப்பையும் ஈடாக வைத்து, யாழ்ப்பாணச் சங்கத்தையும் அதன் தலைவர் அ. சபாபதியையும் பிரதேசவாரிக் கொள்கைக்கு இணங்கச் செய்தார் அருணாசலம். யாழ்ப்பாணம் நம்பியது கடிதத்தில் இருந்த சொற்களை மட்டுமல்ல. அந்தச் சொற்களைக் கொண்டுவந்த மனிதரையுமே.

இவ்வாறு 1919 டிசெம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் தொடங்கியபோது, இந்தியத் தேசிய காங்கிரஸை முன்மாதிரியாகக் கொண்ட அவ்வமைப்பின் முதலாவது தலைவராக அருணாசலத்தைத் தவிர வேறெவரையும் எண்ணிப்பார்க்க இயலாத நிலை இருந்தது. அப்போது அவருக்கு வயது 66. சிங்களவர் பெரும்பான்மையாக இருந்த ஒரு நாட்டின் முதலாவது தேசிய அரசியல் அமைப்பு ஒரு தமிழரைத் தன் தலைவராகக் கொண்டது என்பது அக்காலத்தின் நல்லெண்ணத்துக்குச் சான்றாக இன்றும் எடுத்துச் சொல்லத் தக்கது. ஏறத்தாழ ஐம்பது உறுப்பினரைக் கொண்ட சட்டநிரூபண சபை வேண்டும், அவருள் ஐந்தில் நான்கு பங்கினர் பிரதேசவாரியாகத் தெரிவுசெய்யப்பட வேண்டும், வரவுசெலவுத் திட்டத்தின்மீது சபைக்கு அதிகாரம் வேண்டும் என்பன காங்கிரஸின் கோரிக்கைகளுள் முக்கியமானவை. இவற்றை வற்புறுத்துவதிலும், மாகாணச் சங்கங்களை ஓரமைப்பின்கீழ் கொண்டுவருவதிலும், தேசாதிபதி சேர் வில்லியம் மானிங்கின் எதிர்ப்பைச் சந்திப்பதிலும் அவருடைய தலைமைக்காலம் முழுவதும் கழிந்தது.

காங்கிரஸின் ஒற்றுமையைக் குலைப்பதில் நாட்டம் கொண்டிருந்த மானிங், கண்டித் தலைவர்களைத் தனியே ஊக்குவித்து, காங்கிரஸ் எல்லோருக்காகவும் பேசவில்லை என்று காட்ட முயன்றார். 1920ஆம் ஆண்டின் அரசியல் திட்டம் 37 உறுப்பினரைக் கொண்ட சபையில் 23 பேரை உத்தியோகப்பற்றற்றவராக்கியது. பிரதேசவாரித் தேர்தலுக்கு விட்டது 11 ஆசனங்களை மட்டுமே. மேல் மாகாணத் தமிழருக்கென ஆசனம் எதுவும் அதில் இல்லை. 1921இல் தேர்தல் வந்தபோது, கொழும்பு நகர ஆசனத்துக்கு அருணாசலம் காங்கிரஸின் ஆதரவோடு நிற்பார் என்று தமிழர் எதிர்பார்த்தனர். ஆனால் அங்கே தெரிவானவர், காங்கிரஸின் தலைமையில் அவருக்குப்பின் வந்தவரும் 1918ஆம் ஆண்டுக் கடிதத்தில் ஒப்பமிட்டவர்களுள் ஒருவருமான ஜேம்ஸ் பீரிஸ். மேல் மாகாண ஆசனத்துக்கான வாக்குறுதியை நிறைவேற்றும்படி தமிழர் கேட்டபோது, அதை அளித்தவர்கள் காங்கிரஸுக்கு முன்னிருந்த சங்கங்களைச் சேர்ந்த தனிமனிதர்களே அன்றிக் காங்கிரஸ் அன்று என்ற வாதம் எழுந்தது. இனவாரி ஆசனம் எதுவும் பிரதேசவாரிக் கொள்கைக்கு முரணானது என்ற வாதமும் சேர்ந்தது.

இந்த வாதங்களை வெறும் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிடுவது வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகாது. பிரதேசவாரிக் கொள்கையை மனமார நம்பியவர்கள் காங்கிரஸில் இருந்தனர். ஓர் இனத்துக்குத் தனியாசனம் கொடுத்தால் ஏனையோரும் கேட்பர் என்ற அவர்களுடைய கவலையும் பொய்யானது அன்று. ஆனால் அந்தக் கொள்கையை யாழ்ப்பாணம் ஏற்றுக்கொண்டது ஒரு நிபந்தனையின்மீது. நிபந்தனையை விட்டுவிட்டு இணக்கத்தை மட்டும் வைத்துக்கொள்வது எந்த உடன்பாட்டிலும் அறமாகாது. அருணாசலத்துக்கு இது ஓர் ஆசனத்தைப் பற்றிய பிணக்காக மட்டும் இருக்கவில்லை. தமது சொல்லை நம்பிச் சம்மதித்த மக்களுக்கு முன்னால் அவர் பொறுப்பாளியாக நின்றார். 1921இல் அவர் காங்கிரஸைவிட்டு நீங்கினார். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் யாழ்ப்பாணத்தில் தமிழர் மகாஜன சபை தோன்றியது. 1923இல் அருணாசலத்தின் தலைமையில் இலங்கைத் தமிழர் கழகம் உருவானது. தமிழர் தமக்கெனத் தனி அரசியல் அமைப்புகளைக் கட்டிக்கொள்ளும் வழக்கம் இவ்வாறு தொடங்கியது. அதைத் தொடக்கிவைத்தவர், நாட்டில் பொது அரசியலைத் தொடக்கிவைத்த அதே மனிதர்.

1924ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் திகதி, தென்னிந்தியத் தலங்களுக்கு யாத்திரை சென்றிருந்த அருணாசலம், மதுரையில் தமது எழுபதாவது வயதில் காலமானார். அவர் வேண்டிய பல்கலைக்கழகம் 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகவும் 1942இல் முழுமையான இலங்கைப் பல்கலைக்கழகமாகவும் மலர்ந்தது. பேராதனையில் ஒரு மாணவர் விடுதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மேல் மாகாணத் தமிழருக்கான ஆசனமும் 1924ஆம் ஆண்டின் சபையில் இடம்பெற்றது. ஆனால் அது காங்கிரஸ் தன் சொல்லைக் காத்ததால் கிடைக்கவில்லை. காங்கிரஸின் பிளவைப் பயன்படுத்திக்கொண்ட தேசாதிபதியின் சீர்திருத்தத்தில் கிடைத்தது. உடன்பாட்டின் கனியாக வந்திருக்க வேண்டியது, பிரிவினையின் பரிசாக வந்தது.

ஹாரிசனின் முப்பத்தொரு நாள்களையும் அருணாசலத்தின் ஓராண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதன் பயன் இங்கேதான் இருக்கிறது. ஹாரிசன் இறந்ததும் உப ஜனாதிபதி ஜோன் டைலர், தாம் முழு ஜனாதிபதியே என்று கூறி, ஏப்ரல் 6ஆம் திகதி பதவிப் பிரமாணம் செய்தார். எதிர்ப்பு எழுந்தது, ஆயினும் அவர் நிலைநாட்டியதை அமைப்பு ஒரு வழக்கமாக ஏற்றுக்கொண்டது. பின்னர் மேலும் ஏழு ஜனாதிபதிகள் பதவியில் இருந்தபோதே இறந்தனர்; ஒவ்வொரு முறையும் அந்த வழக்கமே பின்பற்றப்பட்டது; இறுதியில், 1967இல், 25ஆவது திருத்தத்தின் மூலம் அது அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது. ஒரு குறுகிய தலைமை காட்டிய குறையை அந்த அரசு 126 ஆண்டுகள் எடுத்தேனும் நிரப்பிக்கொண்டது. அருணாசலத்தின் தலைமை காட்டிய குறை வேறு வகையானது: ஒரு பெரும்பான்மையும் ஒரு சிறுபான்மையும் செய்துகொள்ளும் உடன்பாடு, அதில் ஒப்பமிட்ட மனிதரின் நல்லெண்ணத்தை மட்டும் சார்ந்திருந்தால், அந்த மனிதர் பதவி மாறியதும், அல்லது மனம் மாறியதும், அது செல்லாக்காசாகிவிடும். இந்தக் குறையை இலங்கையின் அரசியல் நிரப்பிக்கொள்ளவில்லை. திரும்பத் திரும்ப அதே இடத்தில் இடறிவிழுந்தது.

அந்த இடறல்களின் தடத்தை மயிலிட்டி அடங்கிய காங்கேசன்துறைத் தேர்தல் தொகுதியின் வரலாற்றிலேயே காணலாம். 1924 வரையிலும் வருமானமும் சொத்தும் எழுத்தறிவும் வாக்குரிமையைத் தீர்மானித்தன. அவ்வாண்டில்கூட நாட்டின் மக்களுள் நூற்றுக்கு நான்கு பேர் அளவினரே வாக்காளர். மயிலிட்டியின் கடற்றொழிலாளர் குடும்பங்களைப் போன்றவர்களுக்கு 1918ஆம் ஆண்டுக் கடிதமோ 1921ஆம் ஆண்டுப் பிளவோ கருத்துச் சொல்லும் வாய்ப்பைத் தரவில்லை. 21 வயது நிரம்பிய ஆண்களும் பெண்களும் வாக்களிக்கும் சர்வஜன வாக்குரிமை 1931இல் வந்தது. ஆனால் முழுத் தன்னாட்சி வேண்டும் என்று கோரி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் நடத்திய பகிஷ்கரிப்பினால் அவ்வாண்டு காங்கேசன்துறை உள்ளிட்ட குடாநாட்டின் நான்கு தொகுதிகளும், சட்டநிரூபண சபைக்குப் பதிலாக வந்த அரசாங்க சபையில் வெற்றிடமாகவே இருந்தன. 1934இல் நடந்த தேர்தலில் காங்கேசன்துறைக்குத் தெரிவானவர், இராமநாதனின் மருமகனான சு. நடேசன்.

1947இல் அத்தொகுதியின் உறுப்பினரானவர் அயலூரான தெல்லிப்பழையைச் சேர்ந்த சா. ஜே. வே. செல்வநாயகம். 1957ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் திகதி அவர் பிரதமர் பண்டாரநாயக்காவோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். தமிழ்ப் பகுதிகளின் நிர்வாகத்துக்குப் பிரதேச சபைகள் அமைப்பது அதன் மையம். 1958 ஏப்ரலில் எதிர்ப்பு வலுத்ததும் பிரதமர் அதைக் கைவிட்டார். 1965இல் டட்லி சேனநாயக்காவோடு செய்துகொண்ட மாவட்ட சபை உடன்பாடும் நிறைவேறாமலே போனது. 1918ஆம் ஆண்டுக் கடிதமும் இவ்விரு ஒப்பந்தங்களும் உள்ளடக்கத்தில் வேறுபட்டாலும் அமைப்பில் ஒன்றே: தலைவர் ஒருவர் மற்றொரு தலைவருக்கு அளித்த வாக்குறுதி, அதை நிறைவேற்ற எந்தச் சபையையும் எந்த நீதிமன்றத்தையும் கட்டாயப்படுத்த இயலாத எழுத்து. 1947ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 29ஆவது பிரிவு, ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ எதிராகப் பாரபட்சம் காட்டும் சட்டத்தைத் தடுத்தது என்பது உண்மையே. ஆனால் அது அரசியலமைப்பில் இருந்த காலத்திலேயே மலையகத் தமிழர் குடியுரிமை இழந்தனர். 1972இல் வந்த புதிய அரசியலமைப்பில் அப்பிரிவே இல்லாமற்போனது. எழுதிவைப்பது மட்டும் போதாது, எழுதியதை ஒரு தரப்பு தனித்து நின்று மாற்றிவிட முடியாதபடி காப்பதும் அவசியம் என்பது இதனால் பெறப்படும்.

நம்பிக்கை இவ்வாறு தேய்ந்து தேய்ந்து இறுதியில் யுத்தமாக வெடித்தபோது, 1990இல் மயிலிட்டியிலிருந்து மக்கள் முழுவதுமாக வெளியேறினர். வடக்கின் பெயர்பெற்ற மீன்பிடித் துறைகளுள் ஒன்று இராணுவ வேலிக்குள் போனது. 2017ஆம் ஆண்டு ஜூலையில் துறைமுகமும் அதைச் சூழ்ந்த நிலத்தின் ஒரு பகுதியும் விடுவிக்கப்பட்டன. ஓர் ஊரின் இந்தத் துன்பத்துக்கு 1921ஆம் ஆண்டுப் பிளவை நேர்க் காரணமாகக் காட்டுவது மிகையாகும். இடையில் எழுபது ஆண்டுகளும் பல அரசுகளும் பலருடைய பிழைகளும் இருக்கின்றன. ஆனால் சொல்லைக் காக்கும் கடமையை மனிதரிடமிருந்து நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளாத ஒரு நாட்டில், உடன்பாடுகள் முறிவதும், முறிந்தபின் எஞ்சுவது கசப்பு மட்டும் ஆவதும் இயல்பாகின்றன என்ற பாடம் முதன்முதலில் அந்த ஆண்டில்தான் கண்முன் வைக்கப்பட்டது.

அருணாசலத்தை, தேசிய ஒற்றுமையின் தந்தை என்று ஒரு சாராரும், தமிழ்த் தேசிய உணர்வின் முன்னோடி என்று மற்றொரு சாராரும் உரிமை கொண்டாடுவதுண்டு. இரண்டும் அவருடைய வாழ்வின் பாதிகளே. பொது அமைப்பொன்றைக் கட்டியதிலும், அதைவிட்டு நீங்கியதிலும் அவர் பற்றிநின்றது ஒரே அளவுகோலை: கொடுத்த சொல் கொடுத்தவரையும் அவருக்குப்பின் வருபவரையும் கட்டுப்படுத்த வேண்டும். சிவில் சேவையில் 38 ஆண்டுகள் பதிவேடுகளோடு வாழ்ந்த அவர், காணியை எழுதிக்கொடுத்தவர் இறந்தபின்னும் அவருடைய உறுதி வாரிசுகளைக் கட்டுப்படுத்தும் என்பதை நன்கு அறிந்திருந்தார். அரசியல் உடன்பாட்டுக்கு அத்தகைய பதிவும் பாதுகாப்பும் இல்லாத நிலையை அவருடைய ஓராண்டுத் தலைமை வெளிப்படுத்தியது. இலங்கையில் இனி எழுதப்படும் அரசியலமைப்பு எதுவாயினும், யாருடைய நல்லெண்ணத்தையும் சாராது நிற்கும் உடன்பாடாக அது அமைந்தால்தான், 1918இல் யாழ்ப்பாணம் வைத்த நம்பிக்கைக்கு நாடு பட்ட கடன் தீரும்.